பூண்டுப் பெட்டியைத் திறந்தவன் எழுதுவது

அன்புள்ள மகன் தங்கவேலுக்கு,

இந்தக் கையெழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியாது. டீக்கடை மாரப்பனுடையது இல்லை. அவன் எழுத்து காற்றடித்த சோளப்பயிர் மாதிரிச் சாய்ந்து சாய்ந்து போகும். ஐந்து வருடமாக என் பெயரில் உனக்கு வந்ததெல்லாம் அவன் எழுத்துதான். இதுவோ ஒன்றையொன்று தொடாமல் ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறது. இது உன் அப்பன் தன் கையால் எழுதுவது. இந்த ஒரு வரியை எழுதி வைத்துவிட்டு எழுந்துபோய் எருமைக்குத் தண்ணீர் காட்டினேன். திரும்பி வந்து வாசித்துப் பார்த்தேன். எழுதியது எழுதியபடியே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சொல்ல வேறு ஆள் இல்லாததால் எருமையிடம் போய்ச் சொன்னேன்.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று எழுத மாட்டேன். மாரப்பன் எழுதிய எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கே எனக்கு இத்தனை வயதும் ஒரு பேனாவும் வேண்டியிருந்தது.

நான் படித்த கதையைச் சொல்கிறேன். பால் சொசைட்டி ஷெட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு, கறவைக்கு முன்னால், பெரியவர்களுக்குப் படிப்புச் சொல்லித்தருகிறார்கள். பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு பெண் வருகிறாள். உன்னைவிடச் சின்னவள். நாங்கள் ஒன்பது பேர். என் பக்கத்தில் ஆறுச்சாமி. முதல் நாளே கேட்டான்: “ஏனுங்க, இந்த வயசுல எழுதப் படிச்சுக் கலெக்டராகப் போறீங்களாக்கும்?” நான் விடவில்லை. “கலெக்டருக்கு ஒரு கடுதாசி எழுதோணும். உன்ற எருமை என்ற சோளத்துல மேயறதப் பத்தி.” டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆறுச்சாமி இரண்டாவது வாரமே நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை. மழை நாளில்கூடச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். “தாத்தா, உங்களுக்கு எதுக்கு இத்தனை அவசரம்?” என்று டீச்சர் ஒரு நாள் கேட்டாள். “ஒருத்தனுக்கு ஒரு சங்கதி சொல்லோணும், கண்ணு. நடுவுல ஆள் இல்லாம சொல்லோணும்” என்றேன். அந்தச் சங்கதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நடுவில் ஆள் என்று யாரைச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போய் உட்காருவேன். மாரப்பன் கையைத் துடைத்துக்கொண்டு கார்டை எடுப்பான். “சொல்லுங்க மாமா, என்ன எழுதோணும்?” என்பான். எனக்கு நெஞ்சுவரை வரும். சுற்றிலும் பார்ப்பேன். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாலு பேருக்கும் எட்டுக் காது. “மழை பெஞ்சுதுன்னு எழுது” என்பேன். “அது போன கார்டுலயே எழுதியாச்சுங்க.” “அப்ப இப்பவும் பெஞ்சுதுன்னு எழுது.” உன் பதில் வந்தால் அதையும் அவன்தான் வாசிப்பான். அதுவும் கூத்து மேடையில் நிற்பவனைப் போலக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. ‘இங்கே குளிர் அதிகம். வேலை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.’ அவ்வளவுதான் இருக்கும். என் மகனுக்கும் வாசிக்கிற ஆள் மாரப்பன் என்று தெரியும், அதனால்தான் அவனும் குளிரை எழுதுகிறான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். நீ குளிரைப் பற்றியும் நான் மழையைப் பற்றியும் எழுதி எழுதியே ஐந்து வருடத்தை ஓட்டிவிட்டோம்.

அந்த சர்வீஸ் வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை.

லாரியும் ரயிலும் சேர்ந்த சர்வீஸ் என்று சொன்னபோது ஊரில் யாருக்கும் புரியவில்லை. நீதான் விளக்கினாய். காந்தலூரில் ஒரு இரும்புப் பெட்டியில் பூண்டையும் கிழங்கையும் ஏற்றி, கதவைச் சாத்தி, கம்பி கோத்து ஈயத்தில் சீல் வைப்பார்கள். பெட்டி லாரியில் மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக நம் ஊர் ஸ்டேஷனுக்கு வரும். இங்கே சங்கிலிக் கப்பியில் பெட்டியை அப்படியே தூக்கி ரயிலில் வைத்தால் பாலக்காடு போய், அங்கிருந்து அகலப் பாதை வண்டிக்கு மாறி எர்ணாகுளம் போய்விடும். மூட்டையை இறக்கி ஏற்றுகிற வேலை இல்லை, காந்தலூரில் தருகிற ஒரே சீட்டு எர்ணாகுளம்வரை செல்லும் என்றாய். “உடுமலையிலயே ரயில் இருக்குதே, அங்கயே ஏத்தறதுக்கு என்ன?” என்று ஆறுச்சாமி கேட்டான். கம்பெனிக்காரர்கள் கப்பியை நம் ஊரில் நட்டுவிட்டார்கள், அதனால் லாரி இங்கேதான் வந்தாக வேண்டும் என்றாய். அப்போதே எல்லோரும் சிரித்தார்கள். அது நெடுநாள் ஓடாது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது திருவிழாவாக இருந்தது.

என் மகன் அங்கே கிளார்க், நான் கப்பி ஆள். பச்சைப் பெயிண்ட் அடித்த அந்தப் பெட்டி சாமந்தி மாலையோடு முதல் தடவை வந்தபோது, நீ அதன் கதவண்டை போய்க் கம்பியை இரண்டு தடவை சுண்டி இழுத்துப் பார்த்தாய். பிறகு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். “என்ன எழுதுன கண்ணு?” என்றேன். “சீல் சரியா இருக்குதுன்னு எழுதினேனுங்ப்பா.” நான் சங்கிலியை மாட்டினேன். பெட்டி ஆகாயத்தில் ஏறி மெல்லத் திரும்பி ரயில் பெட்டிமேல் உட்கார்ந்தது. வெறும் பலகை மாதிரியான அந்த வண்டியில் அது உட்கார்ந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சாயங்காலம் வருகைப் பதிவு. மற்ற ஆட்கள் தாங்களே கைரேகை வைப்பார்கள். என் முறை வந்தால் மட்டும் நீ என் கட்டைவிரலைப் பிடித்து, மையில் உருட்டி, தாளில் அமுக்கிவிட்டு, துணியால் துடைத்தும் விடுவாய். உன் அம்மா போனபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நாம் ஒருவரை ஒருவர் தொட்டதே குறைவு. அப்பனும் மகனும் அப்படித்தானே. அதனால் அந்தக் கைரேகை நேரத்துக்காக நான் பகலெல்லாம் காத்திருப்பேன். “கையெழுத்துப் போடக் கத்துக்குங்கப்பா, நாலே எழுத்துத்தான்” என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். “எனக்கெதுக்கு, அதுதான் நீ இருக்கறயே” என்று தட்டிவிட்டேன். காரணம் இதுதான். நாலு எழுத்தைக் கற்றுக்கொண்டால் நீ என் விரலைப் பிடிக்க மாட்டாய். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியாயிற்று.

ஐப்பசியில் தொடங்கிய சர்வீஸுக்குச் சித்திரை கடைசியில் சோதனை வந்தது. ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்றார்கள். அதற்கு முந்தின நாள்தான் அறுபது மூட்டைப் பச்சைப் பூண்டோடு ஒரு பெட்டி வந்து, நீ கம்பியைச் சுண்டிப் பார்த்து, நோட்டில் எழுதியிருந்தாய். மறுநாள் ரயில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. லாரி திரும்பிப் போய்விட்டது. ஸ்டேஷனில் போலீஸ் வந்து நின்றது. பெட்டி மட்டும் வெயிலில் தனியாகக் கிடந்தது. பூண்டுக்காரர்களுக்காகக் கூட வந்திருந்த காந்தலூர் செல்லையாவை உனக்கு நினைவிருக்கும், எப்போதும் கம்பளி போர்த்தியிருப்பவர். நம் ஊர் வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மூக்கை வைத்து வைத்துப் பார்ப்பார். “உள்ளுக்குள்ள வேகுதுய்யா. எங்க ஊரு குளிருல பொறந்த பண்டம். இங்க கொண்டாந்து அடுப்புல வச்சிட்டீகளே!” என்பார்.

நாலாம் நாள் காலையில் நீ, “கம்பெனி உத்தரவு இல்லாம தெறக்கக் கூடாதுங்ப்பா. நான் பாலக்காடு போய் எழுதி வாங்கிட்டு வந்தர்றேன், அதுவரைக்கும் யாரும் தொட்டுப்போட வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் கிளம்பினாய். போக வர எத்தனை மைல் என்று நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

உச்சி வெயில். செல்லையாவும் நானும் மட்டும் இருந்தோம். பெட்டியின் தகட்டில் கை வைத்தால் சுட்டது. கதவிடுக்கிலிருந்து ஈரம் கசிந்து தரையில் சொட்டியது. பூண்டு வாசம் போய்ப் புளித்த வாசம் வந்திருந்தது. நான் வெள்ளாமைக்காரன். ஒரு பண்டம் மூச்சு முட்டிச் சாவதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. செல்லையா கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்துக் கம்பியை அறுத்தேன். ஒரே இழுப்பு. ஈயக் குண்டு மணலில் விழுந்தது. கதவைத் திறந்ததும் வந்த காற்றில் செல்லையா இருமி இருமிச் சிரித்தார். “ஏய்யா, எங்க ஊரு மொத்தமும் கொட்டாவி விட்ட மாதிரியில்ல இருக்கு!” சத்தம் கேட்டு ஊர் ஆட்கள் வந்தார்கள். மூட்டைகளைப் பிரித்து ஆலமரத்து நிழலில் பரப்பினோம். அழுகியதை வாய்க்காலில் கொட்டினோம். எதையும் எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது நீ வந்தாய். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உத்தரவுத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தவன், பரப்பிக் கிடந்த பூண்டைப் பார்த்து அப்படியே நின்றாய். “யாருங்ப்பா தெறந்தது?” “நாந்தான் கண்ணு. வெந்துட்டு இருந்துது.” நீ தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். “உங்களுக்கு ரெண்டு நாழிகை பொறுக்காதே! சரி விடுங்க, நான் பாத்துக்கறேன்” என்றாய். உட்கார்ந்து எங்களோடு பூண்டு பொறுக்கினாய். அந்தச் சிரிப்புதான் நான் பார்த்த உன் கடைசிச் சிரிப்பு என்று அப்போது தெரியாது.

இதற்குமேல் எழுத எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. தினமும் பேனாவை எடுப்பேன், மூடியைத் திருகுவேன், வைத்துவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன்.

வேலைநிறுத்தம் முடிந்து கம்பெனியின் விசாரணைக்காரர் வந்தார். ஷெட்டில் மேசை போட்டார்கள். செல்லையா மீந்த பூண்டோடு வேறொரு லாரியில் மலைக்குப் போய்விட்டிருந்தார். நான் அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான், ஊர் ஆட்கள் வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. மூட்டை குறைகிறது, அது களவாக இருக்கும், கம்பியை அறுத்தவன்மேல் கேஸ் உண்டு என்று மேசைக்கு வருமுன்பே பேச்சு. அந்த நாட்களில் ஸ்டேஷன் பக்கம் தடியோடு போலீஸ் நின்றதை நீயும் பார்த்தாய்.  விசாரணைக்காரர் தலை நிமிராமல் மலையாளத்தில் கேட்டார்: “நிங்ஙள் பெட்டி திறக்கும்போள் ஸீல் உண்டாயிருந்தோ? சத்தியம் பறயணும்.” நீ மேசைக்குப் பக்கத்தில் நோட்டோடு நின்றாய். நான் சொன்னேன்: “இல்லீங்க. நான் பாக்கறப்பவே கம்பி அறுந்து கெடந்துதுங்க.”

உன் கையெழுத்து அந்த நோட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்து என்பது இன்னொரு வாய் என்று எனக்குத் தெரியாது. மலைவளைவில் லாரி குலுங்கியதில் கம்பி அறுந்ததாக எண்ணிக்கொள்வார்கள், அறுந்த கம்பிக்கு யாரும் பொறுப்பில்லை, நானும் தப்பிப்பேன், யாருக்கும் கேடில்லை என்றுதான் அந்த ஒரு நொடியில் நினைத்தேன். அவர் நோட்டை உன் பக்கம் திருப்பினார். “நீ இவிடெ ஸீல் சரியென்னு எழுதியிட்டுண்டல்லோ?” அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் சொல் உண்மையானால் உன் எழுத்து பொய். இரண்டில் ஒன்றுதான் நிற்கும்.

நீ என்னைப் பார்த்தாய். ஒரு தடவைதான். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். வழி இருந்தது, நேரமும் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். “கவனிக்காம எழுதிட்டேன் சார்” என்றாய். உத்தரவுத் தாள் உன் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால், நீ அதை மேசையில் வைத்திருப்பாய். அவசரப்பட்ட கிழவன் என்று என்னை நாலு திட்டுத் திட்டி அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். அதை நீ வெளியே எடுக்கவே இல்லை. சீலை உடைக்க வாங்கிய உத்தரவு அது; சீலே இல்லை என்று நான் சொன்ன பிறகு, அப்பனைப் பொய்யன் என்று காட்டுகிற தாளாக அது மாறிவிட்டிருந்தது. பிறகு பியூன் வந்து என் கட்டைவிரலைப் பிடித்து மையில் அமுக்கினான். அழுத்திப் பிடித்ததில் வலித்தது. துடைக்கத் துணி யாரும் தரவில்லை.

உன் வேலை போனது. அடுத்த மாதம் சர்வீஸும் நின்றது. ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் உன்னைப் ‘பூண்டுக் கிளார்க்’ என்று சொன்னார்கள். மூட்டையை எடுத்துக்கொண்டு சீல் சரி என்று எழுதிவிட்டான் என்றார்கள். நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். நீ வேலை தேடி மலைமேல் சித்திரபுரத்துக்குக் கிளம்பின காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “ஏனுங்ப்பா...” என்று ஆரம்பித்தாய். நான் காத்திருந்தேன். “அடுப்புல சோறு இருக்குதுங்க” என்று முடித்தாய். பஸ் போன பிறகு அந்தச் சோற்றைத் தின்றேன். அன்றிலிருந்து வீட்டில் ஒரு தட்டு மட்டும்தான் நனைகிறது. உன் தட்டை நான் அலமாரியில் வைக்கவில்லை, அடுப்பு மாடத்திலேயே சாய்த்து வைத்திருக்கிறேன். தூசி படிந்தால் கழுவுகிறேன். சாயங்காலம் ரயில் போகும்போது எழுந்து வாசலுக்கு வருகிறேன். நீ பஸ்ஸில்தான் வருவாய் என்று தெரியும். ஆனாலும் வருகிறேன். அந்தப் பச்சைப் பெட்டியில் இப்போது ஆறுச்சாமியின் ஆடுகள் அடைகின்றன.

இதுவரை எழுதி, மடித்து, உறையில் போட்டு ஒட்டி, நாளை தபாலில் சேர்ப்பது என்று இருந்தேன். முந்தாநாள் உன் கல்யாணப் பத்திரிகை வந்தது. தபால்காரர் வழக்கம்போல மாரப்பன் கடைப் பக்கம் திரும்பினார். “இக்கட்டால குடுங்க” என்று கை நீட்டி வாங்கிவிட்டேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து விரல் வைத்து வாசித்தேன். பெண்ணின் பெயரை வாசித்தேன், அழகான பெயர். உன் பெயரை வாசித்தேன். அதற்குமேல், ‘மகன்’ என்ற சொல்லுக்கு முன்னால், என் பெயர் அச்சில் இருந்தது. என் பெயரை நான் அச்சில் வாசித்தது இதுதான் முதல் தடவை. நீ அதை விட்டிருக்கலாம். விடவில்லை. திருப்பிப் பார்த்தேன். கையால் ஒரு வரி எழுதியிருப்பாயோ என்று உறைக்குள்ளும் பார்த்தேன். இல்லை. ஊரில் ஆறுச்சாமிக்கும் அதே பத்திரிகைதான் வந்திருக்கிறது.

அன்று முழுவதும் யோசித்தேன். என் பெயரை நீ நாலு பேர் பார்க்க அச்சடித்திருக்கிறாய். நானோ உனக்குச் செய்ததை நீ ஒருவன் மட்டும் பார்க்கிற மாதிரி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். நடுவில் ஆள் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று இத்தனை மாதம் படித்தேனே, அதுவும் ஒளிகிற வேலைதான். நான் மாரப்பனிடம் அன்றே சொல்லி எழுத வைத்திருந்தால், அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்து, உன்மேல் இருந்த பேச்சு போயிருக்கும். உனக்குத் தேவைப்பட்டது அந்த எட்டுக் காதுதான். எனக்குப் பயமாக இருந்ததும் அதுதான்.

நேற்றுக் காலை உறையைக் கிழித்துக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெஞ்சில் ஆறு பேர். “மாமா, கார்டா?” என்றான் மாரப்பன். “எழுதியாச்சு. நீ ஒக்காரு, நான் வாசிக்கறேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நின்றுகொண்டே வாசித்தேன். மெல்லத்தான் வாசிக்க வரும் எனக்கு. டீ ஆறியது. கம்பியை அறுத்த இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. விசாரணை இடத்தில் எழுத்தை விரலால் பிடித்துக்கொண்டு தாண்டினேன். முடித்துத் தாளை மடித்தேன். மாரப்பன்தான் கேட்டான்: “அப்ப நான் எழுதுன அத்தன மழையும்?” “மழை பெஞ்சது நெசந்தான், மாரப்பா” என்றேன். ஆறுச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். “அடக் கெரகமே. அந்தப் பையனப் பூண்டு பூண்டுன்னு நான்தானுங்க மொதல்ல சொன்னேன்.” அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்க்காமல் எழுந்து போனான். இனி சிலர் அப்படித்தான் போவார்கள். போகட்டும். ஐந்து வருடம் நீ பட்டதில் அது எத்தனையில் ஒரு பங்கு?

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதற்குத் தகுதி இல்லை. என் தப்பிலிருந்து தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் நீ ஏதாவது தப்புச் செய்தால் அந்த வேளையிலேயே சொல்லிவிடு. ஒரு இரவு போனால் நாக்கு கனக்கும், ஒரு வருடம் போனால் தூக்க முடியாது. ஊர் முன்னால் செய்ததை ஊர் முன்னால் சரிசெய். வீட்டுக்குள் வந்து கெஞ்சாதே. அவள் எதையாவது உனக்குக் கற்றுத்தர வந்தால் ‘எனக்கெதுக்கு, நீ இருக்கறயே’ என்று சொல்லாதே. கற்றுக்கொண்டு, அவள் கையையும் பிடித்துக்கொள். இரண்டும் நடக்கும். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஒன்றே ஒன்று கேட்க இருக்கிறது. நான் கல்யாணத்துக்கு வரலாமா? அந்த லாரி வந்த பாதையிலேயே உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி வர வேண்டும் என்கிறார்கள். போர்டு பார்த்து ஏற எனக்குத் தெரியும். செல்லையாவிடம் ஒரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்வேன். பின்னால் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவேன். ஆனால் அச்சடித்த பத்திரிகையை வைத்துக்கொண்டு வர மாட்டேன். அது எல்லோருக்கும் வந்தது. நீ உன் கையால் எழுதினால்தான் வருவேன்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. திறந்தே வரும். வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கட்டும். நீ எழுதுகிற பதிலை மட்டும் நன்றாக ஒட்டி அனுப்பு. தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கடைப் பக்கம் போகாமல் நேராக என் கையில் தருவார். இங்கே குளிர் என்று எழுதாதே. என்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை எழுது. ஐந்து வருடக் கோபம், எத்தனை பக்கம் ஆனாலும் விரல் வைத்து வாசித்துவிடுவேன். எழுத மனமில்லை என்றால், ‘வாங்க’ என்று ஒரு சொல் போதும். ‘வர வேண்டாம்’ என்றால் அது இரண்டு சொல். அதையும் நானே வாசித்துக்கொள்வேன்.

உன் அப்பன்
(இது கைரேகை இல்லை, என் கையெழுத்து)